வேணாம் சார்

என் கணவர் முப்பது வருடம் மெத்தை விற்றார். வாங்காதீர்கள் என்று சொல்லியே விற்றார்.

கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஜோடியாக வருவார்கள். ஒருவருக்கு மெத்தை வேண்டும், இன்னொருவருக்கு வேண்டாம். மற்ற விற்பனையாளர்கள் வேண்டாம் என்கிறவரைப் பிடித்துக்கொண்டு ஸ்பிரிங், ஃபோம், உத்தரவாதம் என்று மூச்சுவிடாமல் பேசுவார்கள். இவர் பேசமாட்டார். செருப்பைக் கழற்றச் சொல்லி இருவரையும் படுக்க வைப்பார். தலைக்கு மேலே இருக்கும் விளக்கை அணைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். பத்து நிமிடம் கழித்து வந்து, "இன்னைக்கு வாங்காதீங்க. வீட்டுக்குப் போய் பழைய மெத்தையிலயே ரெண்டு நாள் படுங்க. இதுல ஒரு குறையும் இருக்கு. வெயில் காலத்துல கொஞ்சம் சூடாகும். யோசிச்சுக்குங்க" என்பார்.

அந்த இரண்டு நாளில்தான் விஷயம் இருந்தது. பத்து வருடமாக உறைக்காத மேடு பள்ளமெல்லாம் அந்த இரண்டு நாளில் முதுகில் குத்தும். மூன்றாம் நாள், முதலில் வேண்டாம் என்றவரே முன்னால் வந்து நிற்பார். "சூடானா ஃபேனைக் கூட்டி வச்சுக்கறோம் சார்."

"நல்லா யோசிச்சுட்டீங்களா?"

"யோசிச்சாச்சு சார். பில் போடுங்க."

தானே எடுத்த முடிவை யாரும் கடைக்குத் திருப்பி எடுத்துவருவதில்லை என்பது அவர் கண்டுபிடிப்பு. கடையில் அவருக்கு வேணாம் சார் என்றே பெயர் வந்துவிட்டது. முதல் வருடம் அவரை வேலையைவிட்டு அனுப்பப் பார்த்த முதலாளி, பிறகு அவர் பேசும்போது பக்கத்தில் நின்று கேட்டுப் பழகினார்.

இந்த வித்தை என்னிடம் பலிக்காது என்று நினைத்திருந்தேன். வீட்டில் எல்லாம் என் முடிவுதான். எந்தத் தெருவில் குடியிருப்பது, சுவருக்கு என்ன நிறம், மகள் எந்தக் கல்லூரியில் சேர்வது, எல்லாம் நான் சொன்னபடியே நடந்தது. "உங்க வீட்டுல நீங்க வச்சதுதான் சட்டம்" என்று எதிர்வீட்டுக்காரி பொறாமைப்படுவாள். எனக்கும் பெருமையாக இருக்கும்.

அவருக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது என்று தெரியவந்தபோதும் முடிவு என்னுடையதுதான் என்று நினைத்தேன். மூன்று மாதத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்து வால்வை மாற்றிவிடலாம், பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, மாத்திரையை மட்டும் நம்பினால் எத்தனை நாள் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். திரும்பி வரும்போது பஸ்ஸில் நானே பேசிக்கொண்டு வந்தேன். கடைசி நிறுத்தம் வருவதற்குள் அவர், "சரி, பண்ணிக்கலாம்" என்றார்.

"பயமா இல்லையா?"

"டாக்டர் சொல்றாரு, நீ சொல்றே. அப்புறம் என்ன?"

தேதி குறித்தோம். வெளியூரில் இருக்கும் மகள் போனில் அழுதுகொண்டே சிரித்தாள். அலுவலகத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்தாள்.

மறுநாளே அவர் ஏற்பாடுகளில் இறங்கினார். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று சீட்டு எழுதிக் கட்டினார். தண்ணீர் மோட்டார் நின்றுபோனால் எந்தப் பித்தானை அமுக்க வேண்டும் என்று என் விரலைப் பிடித்து அமுக்கிக் காட்டினார்.

"இதெல்லாம் இப்ப எதுக்கு?"

"ஒரு பேச்சுக்குத்தான். ஆபரேஷன் நல்லாத்தான் நடக்கும்."

டாக்டரை வாய் ஓயாமல் புகழ்ந்தார். "அருமையான மனுஷன். எழுதும்போது கை லேசா ஆடுச்சு. வயசாகுதில்ல? ஆனா அனுபவம் இருக்கு பாரு." அந்தக் கை ஆடியதை நான் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு கண்ணை மூடினால் அந்தக் கை மட்டுமே தெரிந்தது. அடுத்த தெருவில் அதே மாதிரி சிகிச்சை செய்துகொண்டவர் ஒருவர் இருந்தார். எனக்குத் தைரியம் வரட்டும் என்று இவர் என்னை அங்கே அழைத்துப் போனார். அந்த மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நல்லா தேறிட்டாரு இல்ல?" என்றார் இவர், வெளியே வந்ததும். "பேச்சு மட்டும்தான் வரல. அது வேற ஏதோ கோளாறாம்."

இதற்கிடையில் என் கணவர் உடம்பும் தேறிவருவதாகத் தோன்றியது. முன்போல மூச்சு வாங்கவில்லை. மாடிப்படியில் மட்டும் பாதியில் நின்று, குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வார். அவருடைய செருப்புக்கு வாரே கிடையாது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நாலாவது வாரம் நான் ஆரம்பித்தேன். "மாத்திரையிலயே பாத்துக்கலாமேங்க."

"சேச்சே, அதெப்படி? தேதி குடுத்தாச்சு. பொண்ணு லீவு போட்டாச்சு."

"அவ லீவு பெருசா, உங்க உயிர் பெருசா?" கத்தியேவிட்டேன். "கை நடுங்கறவன்கிட்ட உங்களை நான் குடுக்கமாட்டேன்."

"நல்லா யோசிச்சுட்டியா?"

"யோசிச்சாச்சு."

முப்பது வருடம் அவர் வாயால் கேட்டுக் கேட்டுச் சிரித்த கேள்வி அது. என்னிடமே சொன்னபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. மருத்துவமனைக்கு நானே போன் போட்டு வேண்டாம் என்றேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அவர் செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தார்.

"உன் இஷ்டம்" என்றார்.

அன்று மதியம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் அவரைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

மகள் போனில் சீறினாள். "வேணாம்னு சொல்ல நீ யாரும்மா?" அவர் என் கையிலிருந்து போனை வாங்கி, "அம்மா ஏதோ பயப்படறா. விடும்மா, திட்டாதே" என்றார். எனக்காகப் பரிந்து பேசுகிறாரே என்று கண் கலங்கினேன்.

அதற்குப் பிறகு ஒன்பது மாதம் இருந்தார். நல்ல மாதங்கள்தான். ஒரு காலையில் கடைக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். கடைசிப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன். அதை அவர் அறியவில்லை.

வந்தவர்கள் எல்லாரும் கலைந்த பிறகு மகள் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "போன் பண்ணினது நீதானே." அதற்குப் பிறகு சான்றிதழ், நகல், கையெழுத்து என்று காகிதங்களைப் பற்றி மட்டும் பேசினாள். போன் பண்ணியது நான்தான். மகள் இந்த முகத்தோடேயே ஊருக்குத் திரும்பிவிட்டால் பிறகு எனக்கென்று யாருமில்லை.

ஒரு மாதம் கழித்து முதலாளி வந்தார். கடையில் என் கணவர் வைத்திருந்த அளவு நாடாவையும் பழைய மூக்குக்கண்ணாடியையும் கொண்டுவந்தார். மகள் உள்ளே குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீங்க மனசைப் போட்டு வருத்திக்காதீங்கம்மா" என்றார் முதலாளி. "டாக்டரைப் பாத்த மறுநாளே கடையில சொல்லிட்டாரு. ஆபரேஷன் கிடையாது முதலாளி, நெஞ்சைப் பொளக்க விடமாட்டேன்னு. வீட்டுல ஒத்துக்குவாங்களான்னு கேட்டேன். ஒரு மாசம் குடுங்க, அவளே வேணாம்பான்னாரு."

நான் நாடாவைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

"ஆனா ஒண்ணு" என்றார் அவர். "மறுநாளா, ரெண்டு நாள் கழிச்சான்னு எனக்குச் சரியா ஞாபகமில்ல. பொய் சொல்லக் கூடாது பாருங்க."

அந்தச் சின்னக் குறையைக் கேட்டதும் முழுவதும் நம்பிவிட்டேன். ஒரு மாதத்தில் முதல்முறையாக மூச்சு சீராக வந்தது. செருப்பு வார்கூட அப்போதுதான் ஞாபகம் வந்தது. முதலாளி படியிறங்கிப் போன பிறகுதான் இன்னொன்றும் உறைத்தது. இந்த மனிதர் முப்பது வருடம் என் கணவர் பக்கத்தில் நின்றவர். ஒரு குறையைச் சேர்த்துச் சொன்னால் சரக்கு தானாக விலைபோகும் என்று தெரிந்தவர். என் தலையில் கட்டியது போனவரா, வந்தவரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மகளிடம் சொல்லவில்லை. செத்தவர் மேல் பழி போடுகிறாள் என்பாள். அடுத்த வாரம் அவள் மறுபடி, "நீ மட்டும் அன்னைக்கு..." என்று தொடங்கினாள்.

"ஆமா" என்றேன். "என் தப்புதான். உங்கப்பா பாவம், தேதி குடுத்தாச்சேன்னு எத்தனையோ சொல்லிப் பாத்தாரு. நான்தான் கேக்கல. நான் பிடிவாதக்காரி."

அவ்வளவும் உண்மை. ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

இரண்டு நாள் அவள் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அப்பா என்ன வாயில்லாப் பூச்சியா? ஊரையே பேசி மயக்கினவரு. வேணும்னு நினைச்சிருந்தா உன்னை மடக்க அவருக்கு எவ்வளவு நேரமாயிருக்கும்?"

"இல்லம்மா, தப்பு என்னுதுதான்."

"சும்மா இரும்மா. உன் மேல என்ன தப்பு?" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள்.

ஒரு மாதமாக நான் ஏங்கியது அதற்குத்தான். கிடைத்தபோது, அது எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்திருந்ததால், அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேனே தவிர எனக்கு அழுகை வரவில்லை.

ஊருக்குக் கிளம்புகிற அன்று அவள் விரிப்பை மாற்றினாள். "இந்த மெத்தையை மாத்திடலாம்மா. அப்பா படுத்த பக்கம் பள்ளமா இருக்கு. உனக்கு முதுகு போயிடும்."

எனக்கு அது வேண்டும். அந்தப் பள்ளத்தில்தான் இப்போது தூங்குகிறேன்.

"மாத்திடலாம்" என்றேன். "கடையில சொன்னா நாளைக்கே வந்து எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"பழசை என்ன பண்ணுவாங்க?"

"கிழிச்சுப் பிரிச்சுடுவாங்க. வேணும்னா ஒரு தடவை படுத்துப் பாரு."

அவள் வீட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கம் படுத்தாள். நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினேன். பத்து நிமிடம் கழித்து வந்தபோது அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள்.

"இருக்கட்டும்மா" என்றாள். "இப்ப மாத்த வேணாம்."

"நல்லா யோசிச்சுட்டியா?"

"யோசிச்சாச்சு."

"உன் இஷ்டம்" என்றேன்.