வைப்பர் மேல் பழி

டீசல் ஊற்றிய பழைய தட்டில் வைப்பர் மோட்டாரைப் போட்டுவிட்டு, அக்தர் அதன் பல்சக்கரத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணால் பார்த்தால் பாதி நேரத்தில் முடிந்துவிடுகிற சமாச்சாரம். அவர் தடவினார். அனகாபுத்தூர் சந்தில் அவருடைய வெள்ளை ஃபியட் நிற்கிற இடத்தில் ஒரு ஆட்டோ கூடத் திரும்ப முடியாது, ஆனாலும் யாரும் முகம் சுளித்ததில்லை. அந்தச் சந்தில் பாதிப் பேர் மாப்பிள்ளையாக ஊர்வலம் போனது அந்த வண்டியில்தான். ஓட்டியது அக்தர்தான். கையில் ஸ்டியரிங் இல்லாத அக்தரை அந்தத் தெருவுக்குத் தெரியாது. அவருக்கே தெரியாது.

பல்லாவரம் பக்கம் ஒரு மழையில், முன்னால் ஸ்கூட்டரில் போன பெண்ணை அவர் பார்க்கவில்லை. அவள் போட்ட கத்தலில்தான் கால் பிரேக்குக்குப் போனது. அன்றைக்கே பழி வைப்பர் மேல் விழுந்தது. அதுவும் ஒன்றும் யோக்கியமில்லை, பாதிக் கண்ணாடியில் நின்று யோசித்துவிட்டு மீதிக்குப் போகிற சோம்பேறி. ஆனால் மழையே இல்லாத நாளிலும் கண்ணாடியில் பாலாடை மாதிரி ஒன்று படிந்தே கிடந்தது. தூசி என்றார். ரோட்டைத் தோண்டிப் போட்டுகினு கீறானுங்க, தூசி வராம இன்னா வரும் என்றார். பள்ளிவாசல் தெருவில் நடந்த கண் முகாமில் டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்து, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, தள்ளிப்போட்டா இருக்கறதும் போயிடும் என்றாள். அக்தர் சமர்த்தாகத் தலையாட்டிவிட்டு, நேராகப் பழைய கார் சாமான் விற்கிற புதுப்பேட்டைக்கு பஸ் ஏறி வைப்பர் சாமான் வாங்கிக்கொண்டு வந்தார். மனைவி ஷரீஃபாவிடம் மூச்சு விடவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, வேலையில் குறை வைக்கவில்லை மனுஷன். வைப்பரின் துருப்பிடித்த கைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பாலிஷ் ஏற்றினார். மோட்டாருக்குப் புதுக் கார்பன் பிரஷ் போட்டார். தேய்ந்துபோன புஷ் வளையங்களுக்குப் பதிலாக நைலான் துண்டில் கடைந்து வாங்கி, கிரீஸ் தடவி மாட்டினார். மாட்டியதைக் கழற்றி மறுபடி மாட்டினார். முடித்துவிட்டால் அப்புறம் பழிபோட எதுவும் மிச்சமிருக்காது. அதை நினைத்ததும் இன்னொரு தடவை கழற்றினார்.

"அந்தக் கம்பிய இன்னும் எத்தினி வாட்டி தேய்ப்பீங்க?" என்றாள் ஷரீஃபா. "ஷபீனாவுக்கு நாளு நெருங்கினு கீது. மொதப் பிரசவம், நாமதான போய் கூட்டியாரணும்."

"டாக்ஸி சொல்லிக்கலாம்."

"கேட்டுட்டேன். அத்தா வண்டின்னாதான் வருவேன்றா உங்க பொண்ணு."

மகள் வாழ்க்கைப்பட்ட மாடம்பாக்கத்துக்கும் அனகாபுத்தூருக்கும் நடுவில் எத்தனை லாரி, எத்தனை பஸ், குறுக்கே ஓடும் எத்தனை பிள்ளைகள். பின்சீட்டில் வாயும் வயிறுமாக அவள். அக்தர் கையிலிருந்து ஸ்பேனர் நழுவி விழுந்தது. கிரீஸ் வழுக்குது என்று சொல்லிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் பூட்டினார். இனி இழுக்க வழியில்லை. ஷரீஃபா வாளியில் தண்ணீரும் மக்குமாக பானெட் ஓரம் வந்து நின்றாள். அக்தர் சீட்டில் உட்கார்ந்து, யா அல்லாஹ் என்று சுவிட்சைத் திருகினார்.

ஓடியது. அடேயப்பா, என்னமாய் ஓடியது. திக்கல் இல்லை, திணறல் இல்லை. இரண்டு கைகளும் ஒன்றாக எழுந்து ஒன்றாகப் படுத்தன. வாங்கின நாள் முதல் அது அப்படி ஓடியதில்லை. ரப்பர் மட்டும் கிறீச் கிறீச்சென்றது. காது என்னவோ சொல்ல வந்தது, அவர் கேட்டுக்கொள்ளவில்லை. கண்ணாடியையே பார்த்தார். எதிரில் பச்சையாக ஒரு திட்டு தெரிந்தது. அது ஷரீஃபாவின் புடவையாக இருக்க வேண்டும். முகம் இருக்கவேண்டிய இடத்தில் முகம் இல்லை.

"போதும், நிறுத்து," என்றார். "ஊத்தாத. ரப்பர் சரியில்ல. தண்ணி அப்படியே நிக்குது பாரு."

மக்கு வாளிக்குள் விழுகிற சத்தம் கேட்டது.

"நான் இன்னும் ஊத்தவே இல்லீங்க."

வைப்பர் போய்ப் போய் வந்தது. ஷரீஃபா ஜன்னல் பக்கம் வந்து குனிந்தாள். பக்கத்தில் அவளுடைய மூச்சு கேட்டது. அவர் சுவிட்சை அணைக்கவில்லை.

"எத்தினி நாளா?" என்றாள்.

"ரப்பர்தான், ஷரீஃபா. நாளிக்கிப் புதுப்பேட்டைக்குப் போய் வேற வாங்கினு வந்தா சரியாப்பூடும்."

அவள் அவருடைய தோளைத் தொட்டாள். கை அங்கேயே இருந்தது.

"சரிங்க," என்றாள். "ரப்பர்தான்."

பிறகு முன்பக்கம் போய், மக்கில் தண்ணீர் மொண்டு கண்ணாடியில் ஊற்றினாள். இன்னொரு மக்கு. இன்னொன்று. வைப்பர் தள்ளித் தள்ளிவிட, மேலும் மேலும் ஊற்றினாள். வாளி காலியானதும் குழாயடிக்குப் போய்ப் பிடித்துக்கொண்டு வந்து, அந்த வெயிலில் நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டேயிருந்தாள்.