தாங்கும் என்று சொன்னவள்

அட்டைப்பெட்டி ஆலையின் பராமரிப்புப் பிரிவில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவளை அந்தப் பிரிவுக்கே தலைவியாக்கினார்கள். மெஷின் சத்தத்தை வைத்தே பேரிங் போனதைச் சொல்லிவிடுவாள். ஆனால் திங்கட்கிழமைக் கூட்டத்தில் உட்கார்ந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். "இருக்கலாம் சார்", "பார்த்துட்டுச் சொல்றேன் சார்". இதற்குமேல் வராது. அவள் பாதி சொல்லும்போதே விற்பனைப் பிரிவுக்காரர் அடுத்த விஷயத்துக்குத் தாவிவிடுவார்.

ஒருநாள் மேலாளர் தனியே கூப்பிட்டார்.

"வேலையில உங்களை அடிச்சுக்க ஆள் இல்லை. ஆனா கூட்டத்துல உங்க குரல் மேசையைத் தாண்டி வரமாட்டேங்குதே. இப்படியே போனா நான் வேற ஆளைத்தான் பார்க்கணும்."

வீட்டுக்கு வந்து அழுதாள். பள்ளி வாத்தியாரான அவள் கணவன் சாப்பாட்டு மேசையையே கூட்டமாக்கினான். தானே மேலாளராகி எதிரே உட்கார்ந்தான்.

"முதுகை நிமிர்த்து. கண்ணைப் பார்த்துப் பேசு. 'நினைக்கிறேன்', 'தெரியலை' இதெல்லாம் உன் வாயிலயே வரக்கூடாது."

மேலாளரைப் போல அவன் மூக்கை உறிஞ்சிக் காட்டியபோது அழுகையை மீறிச் சிரித்துவிட்டாள்.

மூன்று மாதத்தில் ஆளே மாறிப்போனாள். அவள் வாயெடுத்தால் விற்பனைக்காரரே பேனாவைக் கீழே வைத்தார். அது அவளுக்குப் பிடித்திருந்தது, மறைப்பானேன்.

அந்தச் சமயத்தில்தான் நீராவிக் குழாயில் கசிவு வந்தது. கண்டுபிடித்தவர் மூத்த ஃபிட்டர். ஆலை முழுக்க அவருக்குக் 'குழாய் மாமா' என்றுதான் பேர். அவளுக்கு மட்டும் அண்ணன்.

"இணைப்புல லேசாப் புகையுது தங்கச்சி. லைனை நிறுத்தித் திறந்து பார்க்கணும்."

"எத்தனை நாள் தாங்கும்ணே?"

"திறக்காம யாரால சொல்ல முடியும்? எனக்குத் தெரியாது."

நிறுத்தினால் ஒன்றரை நாள் உற்பத்தி போகும். பத்து நாளில் முடிக்கவேண்டிய பெரிய ஆர்டர் வேறு கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. கூட்டத்தில் மேலாளர் நேராகவே கேட்டார்.

"பத்து நாள் தாங்குமா, தாங்காதா?"

எல்லார் கண்ணும் அவள்மேல். தெரியாது என்பது தொண்டைவரை வந்தது. முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"தாங்கும் சார்."

குரலில் பிசிறே இல்லை. ஒருவரும் மறு கேள்வி கேட்கவில்லை.

ஆறாம் நாள் காலை ஷிப்டில் குழாய் வெடித்தது. வால்வை மூட ஓடியவர் மாமாதான். மூடியும்விட்டார். அதற்குள் நீராவி கண்ணிலும் முகத்திலும் நெஞ்சிலும் அடித்துவிட்டது.

விசாரணைக்கு முதல்நாள் மேலாளர் அவள் அறைக்கே வந்தார்.

"முகக்கவசம் போடாம உள்ளே போனார்னு சொல்லிடுங்க. உண்மையும் அதுதானே? நீங்க சொன்னா யாரும் மறுத்துப் பேசமாட்டாங்க."

உண்மைதான். கவசத்தைத் தேடிக்கொண்டு நின்றிருந்தால் இன்னும் நாலு பேர் வெந்திருப்பார்கள்.

சாயங்காலம் கணவன், "நாளைக்கு எப்படிப் பேசறதுன்னு ஒருதரம் சொல்லிப் பார்த்துடலாமா?" என்றான்.

"வேண்டாம்" என்றாள்.

மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்து உட்கார்ந்தார்கள். அவள் மேசையைப் பார்த்தபடியே பேசினாள். வார்த்தைகள் இடறி இடறித்தான் வந்தன.

"திறந்து பார்க்கணும்னு அவர் சொன்னார். நான் பார்க்கலை. எத்தனை நாள் தாங்கும்னு எனக்குத் தெரியாது சார். தெரியாதுன்னு சொன்னா மறுபடி மதிக்கமாட்டாங்களோன்னு பயம். அதான் தாங்கும்னுட்டேன். கவசம் போட அவருக்கு நேரமில்லை."

"கொஞ்சம் சத்தமா" என்றார் ஒருவர். திரும்பவும் முதலிலிருந்து சொன்னாள்.

அவளை வேலையைவிட்டு நீக்கினார்கள். மேலாளர் தன் நாற்காலியிலேயே இருந்தார். மாமாவின் மேல் தப்பில்லை என்று மட்டும் பதிவானது.

ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டுக்கு வெளியே பெஞ்சில் மாமாவின் மனைவி உட்கார்ந்திருந்தார். இவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போகச் சொல்லவில்லை. இவளும் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள்.

நர்ஸ் வந்து, "கண்கட்டைப் பிரிக்கப் போறாங்க, வாங்க" என்றாள்.

மாமாவின் மனைவி எழுந்தார்.

"எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை. நீ வா" என்று இவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி வலித்தது. இருவரும் உள்ளே போனார்கள்.