விட்லீனின் இன்னொரு அம்மா

பதினேழு வயதில் எனக்கு ஒரு மகள் இருந்தாள். அவளுக்கும் வயது பதினேழுதான். சிரிக்க வேண்டாம், எங்கள் பள்ளிக்கூட அலுவலகத்தில் அதை மூன்று மாதம் நம்பினார்கள்.

விட்லீன் ஹைட்டியிலிருந்து மொன்றியாலுக்கு வந்தபோது அவளுக்குப் பதினேழு. வந்தவளை மூன்று வகுப்பு இறக்கி உட்கார வைத்தார்கள். நானோ இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ஊர்க் கணக்குப் பாடத்திலேயே மூன்று முறை மண்ணைக் கவ்வியவள். ஆக, பொடிசுகள் நிறைந்த அந்த வகுப்பில் கடைசி பெஞ்சு எங்கள் இரண்டு பேருக்கும். அவள் உள்ளே நுழைந்தாலே முன்வரிசைப் பையன்கள் எழுந்து நின்று, "வணக்கம் டீச்சர்!" என்பார்கள். முதலில் அவளும் சிரித்தாள். அக்டோபரில் ஒரு நாள் வாசல்வரை வந்துவிட்டு நின்றுவிட்டாள்.

"ரொக்ஸான், எங்கம்மா மாதிரி ஆபீசுக்கு ஒரு போன் போடுடி. காய்ச்சல்னு சொல்லு."

"உங்கம்மா மாதிரி எனக்குப் பேச வராதே."

"உன்ன மாதிரியே பேசு. எங்கம்மா குரல அவங்க எங்க கேட்டிருக்காங்க?"

உண்மைதான். அவள் அம்மா மதாம் ஒடானிக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. மகள் பள்ளிக்குக் கிளம்பிய பிறகுதான் வீட்டுக்கு வருவாள். தாய்மொழியான கிரியோலில் வாய் ஓயாமல் பேசுகிறவள், பிரெஞ்சு என்றால் வெட்கப்பட்டு ஒதுங்கிக்கொள்வாள்.

தொண்டையைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டு பேசினேன். அலுவலகத்து மதாம் ஜினெத் உருகிப்போனாள்.

"உங்க பிரெஞ்சு எவ்வளவு நல்லா இருக்கு மதாம்! சிலர் பத்து வருஷமானாலும் வாயே திறக்க மாட்டேங்கறாங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பள்ளியில் யாரும் என்னை எதற்கும் பாராட்டியதில்லை.

அப்புறம் விடவில்லை. ஒரு நாள் வயிற்றுவலி, ஒரு நாள் பல்வலி. இஞ்சித் தேநீர் போட்டுக் கொடுத்தேன் என்பேன், நெற்றியில் எண்ணெய் தேய்த்துவிட்டேன் என்பேன். என் சொந்த அம்மா நான் பள்ளிக்குப் போனேனா என்றுகூடக் கேட்டதில்லை. எனக்குக் கிடைக்காத அம்மாவை விட்லீனுக்குச் செய்து கொடுத்தேன், அவ்வளவுதான். அவள் கொஞ்ச நாள் 139ஆம் பேருந்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்தாள். பிறகு கோழி வெட்டும் தொழிற்சாலையில் சேர்ந்தாள். "அங்க யாரும் டீச்சர்னு கூப்பிடறதில்லடி" என்றாள்.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை. தாமதச் சீட்டு வாங்க நான் அலுவலகத்தில் நின்றிருந்தேன். வேலை உடுப்போடு, காலணியில் பனியோடு மதாம் ஒடானி உள்ளே வந்தாள்.

"எம் பொண்ணு விட்லீன்... ரெண்டு ராத்திரியா வீட்டுக்கு வரல. இங்க வந்தாளா?"

இரண்டு இரவு விஷயம் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

"நீங்க யாரு?" என்றாள் ஜினெத்.

"அவ அம்மா."

"மன்னிக்கணும், அவங்கம்மாவ எனக்கு நல்லாத் தெரியும். இன்னிக்குக் காலையிலகூட சேதி விட்டிருக்காங்க."

மதாம் ஒடானி கைப்பையைக் கவிழ்த்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். ஜினெத் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் வெளுத்தது. சேதி பதியும் தொலைபேசி இயந்திரத்தின் பொத்தானை அழுத்தினாள்.

"வணக்கம் மதாம் ஜினெத், நான்தான், விட்லீன் அம்மா. காய்ச்சல் இன்னும் விடல. ராத்திரி பூரா பக்கத்துலயே உக்காந்திருந்தேன். இப்பதான் கண்ணசந்தா. எழுப்ப மனசு வரல."

மதாம் ஒடானி இயந்திரத்துக்குப் பக்கத்தில் காதை வைத்தாள். "இன்னொரு தடவ போடுங்க." மறுபடி. இன்னொரு தடவை. மூன்றாவது முறை அவள் முகத்தில் கோபமே இல்லை.

"தூங்கறாளா?" என்று இயந்திரத்தைப் பார்த்தே கேட்டாள்.

பிறகு என்னைப் பார்த்தாள். ஒருமுறை அவள் சமையலறையில் வறுத்த வாழைக்காய் தின்றிருக்கிறேன். "ஏம்மா, நீ அவ சிநேகிதிதானே? இந்தம்மா யாரு? வீடு எங்க இருக்கு? சொல்லும்மா."

வாயைத் திறந்தால் ஜினெத்துக்குத் தெரிந்துவிடும். தலையை மட்டும் ஆட்டினேன், தெரியாது என்று. சீட்டை வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். கோழை என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். திட்டி என்ன பிரயோசனம்?

போலீசிலும் மதாம் ஒடானி அந்தக் குரலை நம்பித்தான் சொன்னாள். மகள் ஒரு அம்மா வீட்டில் இருக்கிறாள், எந்த வீடு என்றுதான் தெரியவில்லை. பிறகு அவளே தேடக் கிளம்பினாள். எங்கள் பக்கத்துத் தெருக்களில் கதவு கதவாகத் தட்டி, திறக்கிற பெண்ணிடம் மணி கேட்பாள், வழி கேட்பாள். பதில் முக்கியமில்லை, குரலைக் கேட்க வேண்டும். பேருந்து நிறுத்தத்தில் பெண்கள் பேசிக்கொண்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். அந்தக் குளிர்காலம் முழுக்க நான் தெருவில் வாயே திறக்கவில்லை. இன்றைக்கும், பின்னால் யாராவது வந்து நின்றால் பாதிப் பேச்சில் நிறுத்திவிடுகிறேன்.

பிப்ரவரியில் நானும் பள்ளியை விட்டேன். கணக்கு காரணமில்லை, அந்த அலுவலகத்தைத் தாண்டிப்போக முடியவில்லை. பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போன் வந்தது. "அப்படியா" என்று சொல்லி அம்மா வைத்துவிட்டாள்.

மார்ச்சில் டொராண்டோவிலிருந்து விட்லீன் கூப்பிட்டாள். ஏதோ கிடங்கில் வேலையாம், நாலு பெண்கள் ஒரே அறையில்.

"நேத்து அம்மாகிட்ட பேசினேன்டி."

"திட்டினாங்களா?"

"இல்ல. எடுத்ததும், 'அந்தம்மா உன்ன நல்லாப் பாத்துக்கறாங்களா'ன்னு கேட்டாங்க."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"எனக்கு முதல்ல ஒண்ணும் புரியல. அப்புறம் புரிஞ்சுது. ஆமாம்மான்னு சொல்லிட்டேன். அம்மா ஒரே அழுகை. ராத்திரி பூரா முழிச்சிருந்தாங்களாமே, அவங்களுக்கு நான் நன்றி சொன்னேன்னு சொல்லுன்னாங்க." என்றாள் விட்லீன். "அதச் சொல்லத்தான்டி கூப்பிட்டேன்."