முளைத்த வெங்காயம்

செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் அவளுக்கு வேலை. யார் யார் வாய்க்கோ பல் செதுக்கித் தருகிறவளுக்கு, சொந்த வீட்டில் ஒரு மேசை முழுசாகக் கிடைத்ததில்லை.

இரண்டு மாதமாக, விடிந்ததும் அரை மணி நேரம் வரையும் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்துவிடுவாள். சமையலறை ஜன்னலோர மேசையில் நசுங்கிய கெட்டில், கண்ணாடி டம்ளர், ஒரு வெங்காயம். தினமும் அதே மூன்றுதான். முதல் வாரம் கெட்டில் பூசணிக்காய் மாதிரி வந்தது. டம்ளரின் வாய் கோணிக்கொண்டு நின்றது. அப்புறம் மெல்ல மெல்லக் கண்ணுக்குப் பிடிபட்டது. பத்து நாளாக வெங்காயம் முளைவிட்டு, நாளுக்கு ஒரு நூல் வளர, அவளும் விடாமல் வரைந்து வந்தாள்.

அன்று காலை வெங்காயத்தைக் காணோம். அடுப்பில் முட்டை பொரிந்துகொண்டிருந்தது.

"அதையா எடுத்து நறுக்கினீங்க?"

அவள் கணவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "முளைச்சுப் போச்சே, வீணாகுமேன்னு போட்டேன். வெங்காயம்தானே! செல்லுல ஒரு போட்டோ எடுத்து வச்சிக்கிட்டு வரைய வேண்டியதுதானே?"

அவளுக்கு உச்சந்தலைக்குச் சுர்ரென்று ஏறியது. நோட்டைக் கொண்டுவந்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் படாரென்று போட்டாள்.

"உக்காருங்க. அந்த டம்ளர் ஒண்ணை மட்டும் வரைஞ்சிட்டு எழுந்திரிங்க."

"வேலைக்கு நேரமாச்சு."

"எனக்கும்தான் ஆச்சு. உக்காருங்க!"

அந்தக் குரலுக்கு உட்கார்ந்துவிட்டான். போட்டான், அழித்தான், மறுபடி போட்டான். வாய்வட்டத்தின் இரண்டு முனையும் ஒன்றையொன்று பார்க்கவே மாட்டேன் என்றன. ஐந்தாவது தடவை தாளைக் கசக்கி எறிந்தான். "இதெல்லாம் ஒரு பொழப்பா!" என்று கத்திவிட்டு, கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனான்.

சாயங்காலம் இரண்டு கிலோ வெங்காயத்தோடு வந்தான். "எது வேணுமோ எடுத்துக்க."

ஒன்றில்கூட முளை இல்லை.

"நான் என்ன கடையா வைக்கப் போறேன்?" அவளுக்கு இன்னும் எரிந்தது. பத்து நாளைக் கிலோக் கணக்கில் வாங்கிவர முடியும் என்று நினைத்திருக்கிறானே!

மறுநாள் காலை மேசையை யாரும் தொட்டிருக்கவில்லை. பையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து வைத்துவிட்டுக் கோபம் ஆறாமலே பென்சிலைப் பிடித்தாள். இத்தனை நாளும் கெட்டிலின் நிழலைப் பட்டும் படாமலும்தான் தீட்டியிருந்தாள். கறுப்பு ஏறினால் படம் கெட்டுப்போகுமோ என்ற பயம். இன்று அழுத்தினாள். முனை ஒடிந்தது. சீவிக்கொண்டு இன்னும் அழுத்தினாள். நிழல் கறுக்கக் கறுக்கக் கெட்டிலின் வயிறு உருண்டு, தாளைவிட்டு முன்னால் வந்து நின்றது. அவளே ஒரு நிமிடம் கையை எடுத்துவிட்டுப் பார்த்தாள்.

பக்கத்தில் ஜன்னலை மறைத்துக்கொண்டு அவன் நின்றான். கெட்டிலையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இன்னும் கோவமா?"

"ஆமா. வெளிச்சத்தை மறைக்காம தள்ளி நில்லுங்க."

அவன் தள்ளி நின்றான்.