தானாக வந்த மூச்சு

அமிர்தியைத் தாண்டி மலை ஏறத் தொடங்கிய முதல் வளைவில் ஆம்புலன்ஸ் சாய்ந்தபோது அப்பாவின் வாய்க்குழாயில் மாட்டி, செவ்வந்தி கையில் பிடித்திருந்த ரப்பர் பை நழுவப் பார்த்தது. முழங்காலை ஸ்ட்ரெச்சரின் இரும்புச் சட்டத்தில் முட்டுக்கொடுத்துக்கொண்டு மறுபடி அழுத்தினாள். பை சுருங்கியது, அப்பாவின் மார்பு எழுந்தது. விரல்களைத் தளர்த்தினாள், தாழ்ந்தது.

"நிறுத்திடாதம்மா. ஒரே சீரா இருக்கணும்," என்றார் டிரைவர் தேவராஜ், கண்ணாடியில் அவளைப் பார்த்தபடியே. "நீ மூச்சு வுடுற மாதிரியே அமுக்கு. தப்பாது."

அப்படித்தான் செய்தாள். அவள் இழுக்கும்போது அப்பாவுக்கும் ஏறியது, அவள் விடும்போது அப்பாவுக்கும் இறங்கியது. வளைவுகளில் பயத்தில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டால் அப்பாவுக்கும் நின்றது. அது உறைத்தபோது, வெளியே பள்ளத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

எதிரில் குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி அண்ணன் அன்பரசன் உட்கார்ந்திருந்தான். "கை வலிக்கும். நான் அமுக்கட்டா?"

"வேணாண்ணா."

அவன் பார்வை அப்பாவின் கால்களில் இருந்தது. போர்வைக்கு வெளியே நீண்டிருந்த அந்தப் பாதங்கள் மரம் ஏறி ஏறிக் காய்த்து, விரல்கள் அகன்று, ஆஸ்பத்திரியில் எத்தனை முறை துடைத்தும் மலைக்காரனின் பாதங்களாகவே இருந்தன.

அப்பா தீர்த்தகிரி மாசி மாதம் பிறந்தால் கீழே நிற்கமாட்டார். தன் கொல்லை நிலத்தில் சாமை அறுத்து முடித்த கையோடு, ஊரில் யார் கூப்பிட்டாலும் புளி உலுக்கப் போய்விடுவார். இந்த முறை உச்சிக்கிளை ஒன்று அவரோடு சேர்ந்து இறங்கிவிட்டது. வேலூருக்குக் கொண்டு போனார்கள். மண்டையைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். அவர் கண் திறக்கவில்லை.

இன்று காலை டாக்டர் வெளியே வந்து, "படிச்சவங்க யாரு இருக்கீங்க?" என்று கேட்டபோது, அன்பரசன் ஒரு அடி பின்னால் நகர்ந்து தங்கையை முன்னால் விட்டான். அவனுக்கு அது இயல்பாகவே வந்தது. செவ்வந்தி பல்கலைக்கழகத்தில் எம்.காம். இரண்டாம் ஆண்டு. அவர்கள் மலைக்கிராமத்திலிருந்து அந்தப் படிப்புக்குப் போன முதல் ஆள்.

டாக்டர் பாதி இங்கிலீஷில் சொன்னார். மறுபடி உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது. இன்னொரு ஆபரேஷன் செய்யலாம். இந்த நிலைமையில் செய்தால் நூறு பேரில் பத்துப் பேர் கண் திறக்கக்கூடும். திறந்தாலும் எழுந்து நடப்பார், பேசுவார் என்று சொல்ல முடியாது. செவ்வந்தி நிதானமாகக் கேள்விகள் கேட்டாள். அந்தப் பத்துப் பேரில் எத்தனை பேர் தன் கையால் சாப்பிடுவார்கள்? எவ்வளவு காலம் படுக்கையில் இருக்க நேரும்? செய்யாவிட்டால்? அழுகை இல்லாமல் இப்படி யாரும் கேட்டதில்லை போலும். டாக்டர் அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, "என்னம்மா படிக்கிறீங்க?" என்றார்.

"முதலீட்டு முடிவுகள், ரிஸ்க் கணக்கு, போர்ட்ஃபோலியோ தியரி எல்லாம், சார்."

"அப்ப உங்களுக்கே புரியும். குடும்பத்துல கலந்து பேசிட்டுச் சொல்லுங்க."

அவளுக்குப் புரிந்துதான் இருந்தது. அந்தப் பாடத்தின் முதல் வகுப்பிலேயே பேராசிரியை சொன்னது அது: ஏற்கனவே போட்டது போனது, அதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு மேலே போடாதீர்கள். இனி போடப்போவதையும் இனி வரப்போவதையும் மட்டும் எடை போடுங்கள். கைவிடுவதும் ஒரு முடிவுதான், சில சமயம் அதுதான் நல்ல முடிவு. இதைத் தேர்வில் செவ்வந்தி எழுதியிருந்த விதத்தைப் பேராசிரியை வகுப்பில் வாசித்துக்கூடக் காட்டினார்.

காப்பீட்டு அட்டை இரண்டாவது ஆபரேஷனுக்குச் செல்லாது என்று கவுன்ட்டரில் சொல்லியாகிவிட்டது. அன்பரசன் முந்தின நாளே செங்கத்திலிருந்த ஒருவரிடம் கொல்லையை விற்பதைப் பற்றிப் போனில் பேசிக்கொண்டிருந்ததை அவள் கேட்டிருந்தாள். அந்தக் கொல்லையைத் தவிர அவனுக்கு வேறெதுவும் இல்லை. இரண்டு பெண் குழந்தைகள். வீட்டில் அம்மா. எழாத ஒரு உடம்பைப் புரட்டிப் புரட்டிப் படுக்க வைக்கும் அம்மாவை அவளால் பார்க்க முடிந்தது, வருஷக்கணக்காக.

குடிதண்ணீர்க் குழாயருகே நின்றிருந்த அண்ணன், "இன்னா சொன்னாரு?" என்றான்.

"பொழைக்கமாட்டாருண்ணா. வூட்டுக்குக் கூட்டிகினு போய்டலாம்."

பத்துக்கும் ஒன்றுமில்லைக்கும் நடுவே இருந்தது அந்த வராந்தாவின் நீளம்தான். அதை நடந்து கடப்பதற்குள் அவள் அந்தப் பத்தை எங்கோ வைத்துவிட்டாள். அன்பரசன் குழாயில் முகத்தைக் கழுவினான். பிறகு ஆம்புலன்ஸ் பேசப் போனான்.

வண்டி வீட்டுக்கு முன்னால் நின்றபோது வாசலில் ஊரே இருந்தது. அம்மா பாஞ்சாலை அழவில்லை. கட்டிலில் பழைய புடவையை விரித்து, தலைமாட்டை வடக்கே இல்லாமல் பார்த்துப் போட்டு வைத்திருந்தாள். மாமா கோபால்சாமி, அம்மாவின் அண்ணன், எல்லா ஏற்பாட்டையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருந்தார். பாடைக்கு மூங்கில் வெட்ட ஆள் போயிருந்தது. மேளக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பியாகிவிட்டது.

கட்டிலுக்கு மாற்றிய பிறகும் செவ்வந்தி பையை அழுத்திக்கொண்டே இருந்தாள். உறவுக்காரர்கள் வரிசையாக வந்து பார்த்தார்கள். அம்மா ஒரு கரண்டி தண்ணீரில் துணியை நனைத்து அவர் உதட்டில் வைத்தாள்.

தேவராஜுக்கு இது புதிதல்ல. கையுறையை மாட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, செவ்வந்தியிடம்தான் கேட்டார். "எல்லாரும் பார்த்துட்டாங்களாம்மா? எடுத்துடலாமா?"

அம்மா அவளைப் பார்த்தாள். அண்ணன் பார்த்தான். செவ்வந்தி சரி என்று தலையை அசைத்தாள்.

குழாய் வெளியே வந்தது. ஒரு பெண் ஒப்பாரியை எடுத்தாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். செவ்வந்தி அப்பாவின் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையாமல் கிடந்தது. பிறகு, யாரும் அழுத்தாமல், தானாக ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

"சிலபேருக்கு இப்படி இழுத்துகினு இருக்கும். கொஞ்ச நேரம்தான்," என்றார் தேவராஜ். ரப்பர் பையைத் துடைத்து எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பிப் போனார்.

கொஞ்ச நேரம் போயிற்று. வெயில் கட்டிலின் காலைத் தாண்டி நகர்ந்தது. ஒப்பாரி வைத்தவர்கள் தொடர்வதா நிறுத்துவதா என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்து, மெல்ல ஓய்ந்தார்கள். வெட்டிய மூங்கில் வந்தது. அதை எங்கே போடுவது என்று வந்தவர்கள் விழித்தார்கள். கோபால்சாமி கண்ணால் காட்ட, வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சாத்தினார்கள். பக்கத்து வீட்டில் குழந்தைகளுக்குச் சோறு போட்டார்கள். அப்பா மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். தொண்டையில் ஒரு கரகரப்பு மட்டும். மற்றபடி மதியத்தில் அசந்து தூங்குகிறவரைப் போல.

"மொகத்தப் பாரேன், தெளிஞ்சு கீது," என்றாள் பாஞ்சாலை. முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தாள். வண்டி வந்தபோது இல்லாத ஒரு தெம்பு அவள் குரலில் இருந்தது.

கோபால்சாமி குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, யாரையும் குறிப்பிடாமல் சொன்னார்: "முடிஞ்சுபோச்சுன்னுதான டாக்டர் அனுப்புனாரு. இவரு நல்லாத்தான மூச்சு வுடுறாரு."

எல்லாப் பார்வையும் ஒரு சுற்றுச் சுற்றிச் செவ்வந்தியிடம் வந்து நின்றது.

அன்பரசன் எழுந்து, அவள் தோளைத் தொட்டுவிட்டு வீட்டுக்குப் பின்னால் நடந்தான். அவளும் போனாள். பச்சை மூங்கில் வாசனை அங்கே நிறைந்திருந்தது.

"அந்த டாக்டர் சொன்னது இன்னா? அப்படியே சொல்லு."

அவள் தரையைப் பார்த்தாள். "இன்னொரு ஆபரேஷன் பண்ணா, நூத்துல பத்து பேரு கண்ணு தொறப்பாங்களாம்."

அவன் கத்துவான் என்று நினைத்தாள். அவன் மூங்கிலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பத்து பேரு."

"தொறந்தாலும் எழுந்திரிக்கமாட்டாருண்ணா. பேசமாட்டாரு. நீ கொல்லைய வித்துட்டு, ரெண்டு பொண்ணுங்கள வச்சிகினு..."

"கொல்லை போனாப் போவுது. நான் உன்னக் கேட்டனா?"

"இல்ல."

"பத்து பேரு இருக்காங்கல்ல, செவ்வந்தி. எங்கயோ வூட்ல இருக்காங்கல்ல."

வகுப்பில் ஒருத்தி இதையேதான் வேறு மாதிரி கேட்டாள்: சராசரி என்பதெல்லாம் சரி மேடம், ஒரே ஒரு தடவை நடக்கிற காரியத்துக்கு அதை வைத்து என்ன செய்வது? பேராசிரியை சிரித்தார். இந்தக் கணக்கு நூறு இடத்தில் பணம் போடுகிறவனுக்கு, ஒன்றே ஒன்று வைத்திருப்பவனுக்கு அல்ல என்றார். எல்லோரும் சிரித்தார்கள். செவ்வந்தியும்தான்.

அன்பரசன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். வீட்டில் சிக்னல் கிடைக்காது. மேட்டுப்பாறைக்கு ஏற வேண்டும். "தேவராஜ மலையில எங்கனா புடிச்சிட்டா திருப்பிக் கூப்புடறேன்," என்றான். இரண்டடி போய் நின்று, திரும்பாமலே கேட்டான்: "கூப்புடட்டா வேணாமா, அதையும் நீயே சொல்லு."

அவள் பக்கத்திலிருந்த மூங்கிலைப் பிடித்துக்கொண்டாள். அவன் பாறையை நோக்கி ஏறினான்.

செவ்வந்தி திரும்பி வந்து அப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். உள்ளங்கையை அவர் மார்பின் மேல் வைத்தாள். சூடாக இருந்தது. பொங்கலுக்கு வந்திருந்தபோது அவர் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார், ஊரில் கேட்கிறார்கள், சொல்லத் தெரியவில்லை, அது என்ன படிப்பு என்று. எந்தத் தொழிலில் பணம் போடலாம், எதில் போடக்கூடாது, போட்டது சரியில்லை என்றால் எப்போது வெளியே வர வேண்டும், அதெல்லாம்தான் என்றாள். "வெளிய வர்றதுக்குமா படிப்பு வச்சிருக்கான்?" என்று கேட்டு, இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போய், எம்பொண்ணு பேங்க்குக்கு மேல ஏதோ படிக்குது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மார்பு ஏறியது. இறங்கியது. இப்போது ஒவ்வொன்றுக்கும் நடுவே இடைவெளி நீண்டிருந்தது. மலைக்குக் கீழே எங்கோ ஒரு வண்டி வளைவில் ஹாரன் அடித்தது. அந்த வண்டி வருவதற்குள். அவ்வளவுதான் அவள் மனதில் ஓடியது, அந்த வண்டி வருவதற்குள் என்று. தான் எதை வேண்டிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்ததும் கையை அவர் மார்பிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த மூச்சுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். பாஞ்சாலை அவர் முகத்தருகே காதை வைத்தாள். வைத்தபடியே இருந்தாள். பிறகு நிமிர்ந்து, அவர் வேட்டியைச் சரிசெய்து, கால்கள் இரண்டையும் சேர்த்து வைத்தாள். அதற்கப்புறம்தான் அவளுக்குக் குரல் வந்தது.

அன்பரசன் பாறையிலிருந்து ஓட்டமாக இறங்கி வந்தான். "அமிர்தி வரைக்கும் போய்ட்டாராம், திருப்பிகினு வர்றாரு," என்று தெருமுனையிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தவன், கூட்டம் விலகி வழிவிட்ட விதத்தைப் பார்த்து நின்றான். வந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்தான். அந்தப் பாதங்களைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டான். மேளம் தொடங்கியது. பாறைக்கு மறுபடி ஏறி, வர வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

குளிப்பாட்ட வைத்த தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தபோது ஒரு கிழவி பாஞ்சாலையைக் கட்டிக்கொண்டு அழுதாள். பாஞ்சாலை அவளிடம் சொன்னாள்: "எம்பொண்ணு படிச்சது. அதுக்குத் தெரிஞ்சுது. கூட்டியாந்துட்டுச்சு. இல்லன்னா அந்த ஆஸ்பத்திரியில நாதியத்துப் பூட்டிருப்பாரு. எங் கைத் தண்ணி வாயில வுழுந்திருக்குமா?"

செவ்வந்தி அண்ணனைப் பார்த்தாள். அவனுக்கும் அது கேட்டிருந்தது. அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு தங்கையைப் பார்த்தான், நெடுநேரம். கிண்ணத்திலிருந்த சீயக்காயைக் கரைக்கத் தொடங்கினான்.

பொழுது மலைக்குப் பின்னால் இறங்கிய வேளையில் ஆம்புலன்ஸ் சைரனோடு ஏறி வந்தது. கூட்டத்தைக் கண்டதும் தேவராஜ் சைரனை அணைத்தார். இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கட்டிலின் முன் கைகூப்பி நின்றார்.

"வேகமாத்தான் வந்தேன்," என்றார் அன்பரசனிடம்.

"தெரியும்ண்ணா."

வெளியே வந்து வண்டியில் ஏறியவர், திருப்ப இடமில்லாமல் சுற்றிலும் பார்த்துத் தயங்கினார். ஒரு பக்கம் வீட்டுச் சுவர். மறுபக்கம் சரிவு. நடுவில் நாற்காலிகள், மேளக்காரர்கள், பாடை கட்டப் பிரித்துப் போட்ட மூங்கில். செவ்வந்தி எழுந்து போனாள். நாற்காலிகளை ஓரமாக இழுத்தாள். அன்பரசன் வந்து மூங்கில்களைத் தூக்கி நகர்த்தினான். அவள் வண்டிக்குப் பின்னால் போய், சரிவின் விளிம்பில் நின்றுகொண்டாள். பின்விளக்கின் சிவப்பு அவள் துப்பட்டாவின் மேல் விழுந்தது.

வண்டி மெல்ல அவளை நோக்கிப் பின்னால் நகர்ந்தது. கையை உயர்த்தி அசைத்தாள்.

"வாங்க," என்றாள். "எடம் கீது. இன்னும் வரலாம்."