வக்கீல் வீட்டுக்காரர்

வாசலில் கிடந்த செருப்புகளைக் கண்டதும் நீதிமன்ற அமீனா பூமிநாதன் நின்றுவிட்டார். கையிலிருந்த சம்மனை அவசரமாக நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்தார். அது முழுதும் அடங்காமல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஹமீது சுல்தான் அதைப் பார்த்துவிட்டார்.

"என்ன பூமி, இன்னைக்குமா?"

"சத்தியமா எனக்குத் தெரியாது பாய். ராமநாதபுரத்துல பஸ் ஏறி நேரா வாரேன். மேடத்துக்கு என்னாச்சு?"

"எட்டு மணி இருக்கும். கோர்ட்டுக்குக் கிளம்பிக்கிட்டு இருந்தா. கழுத்துல வெள்ளப் பட்டையக் கட்டுனவ, நெஞ்சு அடைக்குதுன்னு உக்காந்தா. ஆம்புலன்ஸ் உச்சிப்புளி தாண்டல."

பூமிநாதன் தலையில் கைவைத்துக்கொண்டு திண்டாடினார். மூன்று ஆண்டுகளில் இந்த வாசலுக்கு அவர் பதினொரு முறை வந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஹமீது சுல்தானின் மனைவி, வக்கீல் மலிகாவின் பெயருக்கு ஒரு தாள் கொண்டுவருவார். மலிகா கையெழுத்திட்டுவிட்டுத் தேநீர் கொடுப்பாள். உங்க வீட்டு டீயைக் குடிச்சே எனக்குச் சக்கரை ஏறிப்போச்சு மேடம் என்று சொல்லிச் சிரிக்காமல் அவர் படியிறங்கியதில்லை.

"குடுங்க. நான் வாங்கிக்கிறேன்."

"இறந்தவங்களுக்குச் சம்மன் சார்பு பண்ண முடியாது பாய். திருப்பி அனுப்பிருவேன். ஆனா..." பூமிநாதன் தயங்கினார். "இந்தத் தடவ ரெண்டாவது பிரதிவாதின்னு உங்க பேரும் போட்டிருக்கு. நீங்களும் மேடமும் கூடிப் பேசி, ஊருக்குள்ள அந்த அஜீஸப் பத்தி அவதூறு பரப்புனீங்களாம்."

"நானா? நான் எங்கன பேசுனேன்?"

"நீங்க பேசுனீங்கன்னு அவர் பேசறாரு. நாளைக்கு வந்து குடுக்கறேன், இன்னைக்கு வேண்டாம்."

"பேனாவ எடுங்க பூமி. பன்னெண்டாவது தடவையும் இந்த வீட்டுல இருந்து யாரும் ஓடி ஒளியலன்னு இருக்கட்டும்."

பந்தல் கம்பத்தின் மேலேயே தாளை வைத்து ஹமீது சுல்தான் கையெழுத்திட்டார். தமிழில், முழுப் பெயரையும், ஒரு எழுத்தும் கோணாமல் எழுதினார்.

வாதி அப்துல் அஜீஸும் அதே ஊர், மண்டபத்தைச் சேர்ந்தவர். விடுதியோடு கூடிய ஒரு பள்ளிக்கூடத்தின் தாளாளர். பள்ளிவாசலின் புதிய மினாரா அவர் செலவில் எழுந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அவரது விடுதியில் தங்கிப் படித்த ஒரு சிறுமி, அவர் தன்னிடம் நடந்துகொண்ட விதத்தைத் தன் தாயிடம் சொன்னாள். அந்தத் தாய் நான்கு வக்கீல்களின் படியேறி இறங்கிவிட்டு ஐந்தாவதாக மலிகாவிடம் வந்தாள். வழக்குப் பதிவாகி, அஜீஸ் சிறைக்குப் போய் ஜாமீனில் திரும்பிய மறு வாரமே மலிகாவின் மேல் முதல் வழக்குப் பாய்ந்தது. ஒரு கோடி ரூபாய் மானநஷ்டம். அதன்பின் பணம் கேட்டு மிரட்டினாள் என்று காவல் நிலையத்தில் ஒரு புகார், சிறுமிக்குப் பொய் சொல்லக் கற்பித்தாள் என்று வக்கீல்கள் சங்கத்தில் மற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் மலிகா நேரில் போய் நின்றாள். மற்ற கட்சிக்காரர்கள் மெல்ல மெல்ல வேறு வக்கீல்களைத் தேடிக்கொண்டார்கள்.

நண்பகல் தொழுகை முடிந்ததும் மலிகாவின் அண்ணன் காஜா நவாஸ் வந்தார். உள்ளறையில் சித்தி ஜுனைதாவும் இன்னும் மூன்று பெண்களும் மலிகாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். கற்பூரமும் சந்தனமும் கலந்த நீரின் மணம் கூடத்துக்கு வந்தது. காஜா நவாஸ் ஹமீது சுல்தானின் கையைப் பற்றி மலிகாவின் அலுவலக அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

"மாப்ள, அஜீஸ் காக்கா ஆள் அனுப்பிச்சிருக்காரு."

"என்னவாம்?"

"எல்லாக் கேஸையும் வாபஸ் வாங்கிக்கிறாராம், உங்க பேர்ல போட்டதையும் சேத்து. தொழுகைக்கும் வாராராம். நீங்க பொருத்தம் கேக்கும்போது அவர் பேரச் சொல்லி ஒரு வார்த்த கேட்டாப் போதுமாம்."

இறந்தவரின் உடலைத் தொழுகைக்கு வைத்ததும், நெருங்கிய உறவினர் ஒருவர் ஜமாஅத்தார்முன் எழுந்து நிற்க வேண்டும். இவர் உங்களில் யாருடைய மனமாவது நோகும்படி நடந்திருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னித்துப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்க வேண்டும். அவ்வூரில் பொருத்தம் கேட்காமல் ஒரு ஜனாஸாவும் எழுந்ததில்லை. மகன் ஷாகிர் கத்தாரில் இருந்தான். அவன் வந்து சேர மறுநாள் ஆகும். அத்தா, நீங்களே கேட்டுருங்க என்று தொலைபேசியில் அழுதிருந்தான்.

"மச்சான், அவ அவருக்கு என்ன தப்பு செஞ்சா?"

"தப்பு செஞ்சாளா இல்லையான்னு நான் பேச வரல. அவர் பொருந்திக்கிற மாட்டேன்னு சொல்றாரு. நாளைக்கு மஹ்ஷர்ல அவ கையப் புடிப்பேன்னு சொல்றாரு. அவ என் தங்கச்சி மாப்ள. ஒரு வார்த்தைல அவளுக்கு லேசாகும்னா, சொல்லிட்டுப் போயிரலாம்ல?"

காஜா நவாஸ் அஜீஸுக்கு அஞ்சிப் பேசவில்லை. தங்கைக்காக அஞ்சிப் பேசினார். ஹமீது சுல்தானுக்கும் அந்த அச்சம் நெஞ்சில் இறங்கியது. இறுதித் தீர்ப்பு நாளில் மலிகா தனியே நிற்க, ஒருவன் வந்து அவள் கையைப் பிடிக்கும் காட்சியை அவரால் விலக்க முடியவில்லை. யோசிக்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

அறையின் மூலையில், வழக்குக் கட்டுகளுக்கு நடுவே, மலிகாவின் ஜூனியர் சிநேகா உட்கார்ந்திருப்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தார். கடலாடிப் பக்கம் சிக்கல் என்ற ஊரிலிருந்து வந்து தொழில் பழகும் பெண். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"எல்லாத்தையும் கேட்டேன் அங்கிள். மன்னிச்சிருங்க."

"கேட்டது நல்லதுதாம்மா. நீ சொல்லு. அந்தக் கேஸெல்லாம் இனிமே என்னாகும்?"

"மேடம் மேல போட்ட மானநஷ்டக் கேஸு மேடத்தோட முடிஞ்சிரும். அது அவருக்கும் தெரியும். உங்க பேர்ல உள்ளது மட்டும் நிக்கும்."

"பொறகு எதுக்கு அந்த ஒரு வார்த்த?"

சிநேகா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பத்தொன்பதாம் தேதி அந்தப் புள்ளைக்குக் குறுக்கு விசாரணை. நீங்க பேசறத அவங்க ஆளு போன்ல புடிப்பாங்க. சாயங்காலமே அது அந்தப் புள்ள ஊருக்குப் போயிரும். வக்கீல் வீட்டுக்காரரே பள்ளிவாசல்ல நின்னு மன்னிப்புக் கேட்டாரு, இனி உனக்கு யாரு இருக்கான்னு அவங்க அம்மாகிட்டப் போட்டுக் காட்டுவாங்க. அந்தம்மா ஏற்கெனவே பாதி உசுராத்தான் இருக்காங்க."

"அந்தக் கேஸ இனி யாரு நடத்துறது?"

"நான்தான்."

"உன் பேர்லயும் போடுவாங்கம்மா."

"போடட்டும் அங்கிள். பூமி அண்ணனுக்கு எங்க வீட்டு விலாசமும் தெரியட்டும்."

அவள் கட்டைத் தூக்கிக்கொண்டு போனபின் ஹமீது சுல்தான் மலிகாவின் நாற்காலியில் அமர்ந்தார். இத்தனை ஆண்டுகளில் அதில் அவர் உட்கார்ந்ததே இல்லை.

தம்மாம் துறைமுகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் கிரேன் ஓட்டினார். மகன் பிறந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, முப்பத்தொன்றாம் வயதில், சட்டம் படிக்கலாமா என்று மலிகா கடிதம் எழுதிக் கேட்டாள். தரையிலிருந்து நாற்பது மீட்டர் உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து அக்கடிதத்தை அவர் மூன்று முறை படித்தார். படி என்று ஒரே சொல்லில் பதில் எழுதினார். ஊர் சிரித்தது. அவர் ஊர் திரும்பியபோது தேநீர்க் கடையில், வக்கீல் வீட்டுக்காரரு வாராரு, பாத்துப் பேசுங்கப்பா, நோட்டீஸ் வந்துரும் என்று கேலி செய்தார்கள். கேலி செய்தவர்கள் ஓய்ந்துபோனார்கள். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ஒருநாள் வங்கிப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று எழுத்தர் கேட்டதற்கு, வக்கீல் வீட்டுக்காரர் என்று அவரே சொன்னார்.

முதல் வழக்கு வந்த அன்று அவரும் காஜா நவாஸைப் போலத்தான் பேசினார். ஒரு வருத்தம் எழுதிக் குடுத்துட்டு விலகிருவோமே மலிகா என்றார். அவள் கோபப்படவில்லை.

"நான் எழுதிக் குடுத்தா அந்தப் புள்ள பொய் சொல்லுச்சுன்னு ஆயிரும்ங்க. அவர் கேஸு போடறது என்னையச் செயிக்கறதுக்கு இல்ல. அந்தப் புள்ளைக்கு இன்னொரு வக்கீல் வந்துறக் கூடாது, அதுக்குத்தான்."

சொல்லிவிட்டு அவள் மீன் ஆய உட்கார்ந்தாள். அதற்குமேல் அவ்வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை.

ஹமீது சுல்தான் எழுந்து கிணற்றடிக்குப் போய்த் தொழுகைக்காக ஒழுச் செய்தார். முழங்கை வரை நீர் வழிய வழிய ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். மலிகா யார் யாருடைய மனத்தை நோகடித்தாள்? முப்பத்தைந்து ஆண்டுகள் உடன் வாழ்ந்தவருக்கு அந்தக் கணக்குத் தெரியாதா என்ன? கால்களைக் கழுவி முடிக்கையில் அவர் முகம் தெளிந்திருந்தது.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் மலிகாவைச் சுமந்து வந்த சந்தூக்கைப் பள்ளிவாசல் முற்றத்தில் இறக்கினார்கள். பாம்பன் பக்கத்திலிருந்து வந்த காற்று போர்த்தியிருந்த துணியின் ஓரத்தைப் படபடக்கச் செய்தது. முதல் வரிசையின் நடுவில் அப்துல் அஜீஸ் வெள்ளை ஆடையில் நின்றார். அவருடைய அக்காள் மகன் ஒருவன் தூணோரம் நின்று தொலைபேசியை மார்புயரத்தில் பிடித்திருந்தான். காஜா நவாஸ் இரண்டாம் வரிசையில், அஜீஸுக்கு நேர் பின்னால், ஹமீது சுல்தானின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இமாம் தலையசைத்தார். ஹமீது சுல்தான் முன்னே வந்து ஸலாம் சொன்னார்.

"எனக்குப் பேசத் தெரியாது. எங்க வீட்டுல பேசறவ இங்கன படுத்திருக்கா."

பின்வரிசைகளைக் கண்களால் துழாவினார்.

"அவளும் மனுசிதான். அவ நாக்குல உப்பு ஜாஸ்தி. ஏலே கபீர், இருக்கியா? உன் ஆட்டோவக் கோர்ட்டு வாசல்ல அர மணி நேரம் காக்க வச்சுட்டு, லேட்டாயிருச்சுன்னு உன்னையவே வஞ்சிருக்கா."

"நாலு தடவ காக்கா," என்று பின்வரிசையிலிருந்து கபீரின் குரல் வந்தது. அடக்க முடியாமல் இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். கபீர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பொருந்திக்கிட்டேன். நாலையும் பொருந்திக்கிட்டேன்."

"பக்கத்து வீட்டு ஆடு கேஸ் கட்டத் தின்னுருச்சுன்னு, அந்தக் குடும்பத்தோட மூணு மாசம் பேசாம இருந்தா. ஆடு செஞ்சதுக்கு மனுசரக் கோவிச்சது தப்பு."

"ஆட்ட அவுத்து விட்டது நாந்தானே," என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "பொருந்திக்கிட்டேன் பாய்."

"என்னையும் ஏசியிருக்கா, நோட்டீஸ் மேல டீ டம்ளர வச்சதுக்கு. அத நான் அன்னைக்கே பொருந்திக்கிட்டேன். இப்புடி இன்னும் யாரு மனசாவது நோக நடந்திருந்தா, அல்லாஹ்வுக்காக நீங்களும் பொருந்திக்கிருங்க."

பொருந்திக்கொண்டோம் என்ற முனகல் வரிசை வரிசையாக எழுந்து அடங்கியது. அப்துல் அஜீஸ் தொண்டையைச் செருமினார். தூணோரம் நின்றவன் தொலைபேசியைச் சற்று உயர்த்தினான்.

ஹமீது சுல்தான் அஜீஸை நேராகப் பார்த்தார்.

"நான் கேக்க வேண்டியது இம்புட்டுத்தான். கோர்ட்டுல அவ நின்னதுக்கும் பேசுனதுக்கும் யாருட்டயும் பொருத்தம் கேக்க மாட்டேன். அதுல அவ தப்பு செய்யல. கேக்கறவங்க நாளைக்கு அல்லாகிட்ட கேக்கட்டும். அவ பதில் சொல்லிக்கிருவா." சந்தூக்கின் பக்கம் கையைக் காட்டினார். "நல்லாச் சொல்லுவா."

அப்துல் அஜீஸின் முகம் கறுத்தது. சுற்றிலும் பார்த்தார், எவரும் வாய் திறக்கவில்லை. அவர் வரிசையை விட்டு விலகி, செருப்புக்குள் கால் சரியாக நுழையாமலேயே வாயிலை நோக்கி நடந்தார். தூணோரம் நின்றவன் பின்னாலேயே ஓடினான்.

ஹமீது சுல்தான் முதல் வரிசையில் தம் இடத்துக்கு வந்து நின்றார். அவருக்கு வலப்புறம் ஓராள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது.

"சஃபை நேராக்குங்க," என்றார் இமாம், திரும்பாமலேயே. "இடைவெளி விடாதீங்க. தோளோட தோள் சேத்து நில்லுங்க."

பின்வரிசையில் ஒருவர் அசைந்தார். காஜா நவாஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னே வந்து, அந்த இடத்தில் கால்களை ஊன்றி நின்றார். அவருடைய தோள் ஹமீது சுல்தானின் தோளில் பட்டது, பட்டபின் விலகவில்லை.

இமாம் இரு கைகளையும் காதுவரை உயர்த்தினார்.