ஏழாம் வரிசைச் சிரிப்பு

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதன்று, கேட்டு வாங்கப்பட்டது. ராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே ஒரு கல்லூரி. (பெயர் வேண்டாம், காப்பி கொடுத்து உபசரித்தவர்கள்.) அங்கே ‘மாணவர் உரிமைகளும் நடத்தை நெறிகளும்’ என்றொரு கையேட்டை விழா எடுத்து வெளியிட்டார்கள். விழாவில் ஒரு பெண் சிரித்துவிட்டாள். ஆகவே மறுபதிப்பின் முகப்பில் ஒரு நீதிக்கதை தேவைப்பட்டது.

“விலங்க வச்சு எழுதுங்க சார். ரெண்டு பக்கம். முடிவுல ஒழுக்கம் வந்துரணும்” என்றார் பேராசிரியர் விக்னேஷ்வரன். பணிக்காலம் முழுவதும் வகுப்பறையில் விலங்குகளைப் பேசவைத்தே காலந்தள்ளியவன் நான். மகிழ்ச்சியோடு தொடங்கினேன்:

செண்பகத்தோப்புக் காட்டில் சிங்கம் ஒன்று உரையாற்றிக்கொண்டிருந்தது. அப்போது ஒரு முயல் சிரி

நிறுத்திவிட்டேன். செண்பகத்தோப்பில் சிங்கம் கிடையாது. வனத்துறையார் கேட்டால் என்ன சொல்வேன்? [சாம்பல் அணில் உண்டு. ஆனால் அணிலைக் கல்லூரி முதல்வராக்கினால் அச்சிடுவார்களா?] அதைவிடப் பெரிய இடைஞ்சல்: முயலுக்குத் திங்கட்கிழமை செய்முறைத் தேர்வு இல்லை. மாரிக்கனிக்கு இருக்கிறது.

2

மாரிக்கனி மம்சாபுரத்துப் பெண். இயற்பியல் இரண்டாம் ஆண்டு. சிரித்தவள் அவள்தான். விசாரணை முடியும்வரை வகுப்புக்குள் வரக்கூடாது என்று உத்தரவு. வீட்டில் சொல்லவில்லை. காலையில் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்தில் பகலைக் கழித்து, மாலையில் களைத்த முகத்தோடு வீடு திரும்புகிறாள். நீதிக்கதை தேடிப் போன இடத்தில் நான் அவளைக் கண்டது அங்கேதான்.

“வேண்டுமென்றே முதல்வரை அவமதித்தேன், மன்னிக்கவும்” என்று தட்டச்சிட்ட தாள் அவளிடம் இருந்தது. கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே எல்லாம் முடிந்துவிடும். நன்னடத்தைச் சான்றிதழில் மட்டும் அந்த வரி ஒட்டிக்கொள்ளும். போடாவிட்டால் விசாரணை. அதில் தோற்றால் திங்கட்கிழமைத் தேர்வு போயிற்று, ஓராண்டும் போயிற்று.

அவள் ஏன் சிரித்தாள் என்று கேட்குமுன்பே, கதைக்காரனின் அவசரத்தில் நானே ஒரு காரணம் எழுதிவிட்டேன்: முதல்வர் தலையில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. அதை அவளிடம் வாசித்துக் காட்டினேன்.

“காக்காவுக்கெல்லாம் சிரிப்பாங்களா சார்? எங்க காலேஜ்ல அது தெனமும் வந்து உக்காருது.”

அடித்துவிட்டேன். [நல்ல காக்கை. வேறொரு கதைக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.]

3

அவள் சொன்னது இது.

முதல்வர் ஜெயபாண்டி நல்லவர். மம்சாபுரத்துப் பெண்களுக்காகப் பேருந்துப் பணிமனைக்கு நடையாய் நடந்து, காலை வண்டி ஒன்றை வரவழைத்தவர். கையேட்டை எழுதியவரும் அவரே. விழா மேடையில் அதை வாசிக்கத் தொடங்கினார். முதல் சொல்லிலேயே மைக் செத்தது. மின்விசிறிகள் சாகவில்லை. அந்த இரைச்சலில் அவருடைய குரல் மேடையைத் தாண்டவில்லை. அவருக்கு மட்டும் கணீரென்று கேட்டது.

மைக்குக்குப் பொறுப்பு விக்னேஷ்வரன். அவர் எழுந்தார், முதல்வரின் முகத்திலிருந்த பரவசத்தைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். அதன்பின் முதல்வர் தலைநிமிர்ந்தபோதெல்லாம் கைதட்டினார். அவரைப் பார்த்து ஆசிரியர்கள் தட்டினார்கள். ஆசிரியர்களைப் பார்த்து அரங்கமே தட்டியது.

ஏழாம் வரிசையில் மாரிக்கனி கையேட்டில் விரலை ஓட்டி, முதல்வரின் உதட்டசைவைக்கொண்டு இடத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். அகப்பட்டுவிட்டது: ‘மாணவரின் குரல் எவ்விதத் தடையுமின்றிக் கேட்கப்படும்.’ கரவொலி கூரையைப் பிளந்தது. மாரிக்கனியும் தட்டினாள். பக்கத்திலிருந்த காளீஸ்வரி தட்டிக்கொண்டே கேட்டாள்:

“ஏட்டி, எதுக்குட்டி தட்டுதோம்?”

“தெரியலட்டி. நீ எதுக்குத் தட்டுத?”

“நீ தட்டுதியேன்னு தட்டுதேன்.”

கரவொலி ஓய்ந்தது. மாரிக்கனியின் சிரிப்பு ஓயவில்லை. அன்றைய விழாவில் அரங்கம் முழுவதற்கும் தெளிவாகக் கேட்டது அது ஒன்றுதான்.

4

விசாரணைக் குழுவின் அமைப்பாளர் யார் என்று நினைக்கிறீர்கள்? விக்னேஷ்வரனேதான்.*

“ஒடம்பு சரியில்ல, அதான் சிரிச்சுட்டேன்னாவது எழுதிக் குடும்மா” என்றாராம் அவளிடம்.

“சிரிக்கிற சீக்கு எனக்குக் கெடையாது சார்.”

“பொறவு என்னத்தத்தான் எழுதப்போற?”

“நடந்தத.”

விக்னேஷ்வரன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். “ஏம்மா, நான் பொழைக்கணும்லா?”

மாரிக்கனியின் தயக்கம் வேறு. அந்த விழாவையே தம் வாழ்நாளின் வெற்றியாக முதல்வர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். உண்மையை எழுதினால் அவருடைய அந்த ஒரு நாள் பறிபோகும். அவர் வாங்கித்தந்த பேருந்தில் உட்கார்ந்துகொண்டு அதை எப்படி எழுதுவது?

“அவியளுக்கு அடுத்த வருசமும் விழா வரும்ட்டி. ஒனக்கு இந்தத் திங்கக்கெழமைய விட்டா வேற ஏது?” என்றாள் காளீஸ்வரி.

அன்று மாலையே மாரிக்கனி எழுதிவிட்டாள்.

* இந்த இடத்தில் ஒரு நரியை நுழைக்கக் கை பரபரத்தது. நரிக்கு இவ்வளவு பயம் இராது என்பதால் விட்டுவிட்டேன்.

5

இதுவரை நடந்தது. விசாரணை நாளைதான். இனிமேல் வருவதை நான் கட்டுகிறேன்.

முதல்வரின் அறை. மாணவரின் விளக்கத்தை அமைப்பாளர் வாசிக்க வேண்டும். அதுவரை மாணவர் வாய் திறக்கலாகாது. [முதல்வரே வாங்கிப் படித்துக்கொள்ளலாமே என்பீர்கள். கூடாது என்கிறது கையேடு. எழுதியவர் அவர்.]

விக்னேஷ்வரன் தாளைப் பிரித்தார். தொண்டையைச் செருமினார். பிறகு உதடுகளை அசைத்தார். சத்தம் மட்டும் வரவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினார். அழுத்த வேண்டிய இடத்தில் புருவத்தை உயர்த்தினார். தலைக்கு மேலே மின்விசிறி இரைந்தது. மாரிக்கனி தன் முழங்காலில் விரலை ஓட்டி, எந்த வரிக்கு வந்திருக்கிறார் என்று பார்த்துக்கொண்டே, உதட்டைக் கடித்துக்கொண்டாள். இன்னொருமுறை சிரித்தால் இன்னொரு விசாரணை.

வாசித்து முடித்துத் தாளை மடித்தார்.

முதல்வர் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

“சார், ஒண்ணுமே கேக்கலையே. செத்த சத்தமா வாசிங்க.”

அவ்வளவு பெரிய அரங்கத்தில் அன்றைக்கு ஒருவர் வாயிலும் வராத வாக்கியம்.

6

முடிவு. முதல்வர் வாய்விட்டுச் சிரித்ததாக ஒன்று எழுதினேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிச் சன்னலைப் பார்த்ததாக ஒன்று. அதற்குமேல் எழுத எனக்கு மனம் வரவில்லை. கேட்டுக்கொண்டபடி நீதியையாவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்: ‘ஆகவே, மாணவச் செல்வங்களே,

வரவில்லை.

ஆகவே விக்னேஷ்வரனின் கையிலிருந்து தாளை வாங்கி உங்களிடம் தருகிறேன். இது என் கற்பனையன்று, மாரிக்கனி எழுதியதே:

‘ஐயா, அன்று மைக் வேலை செய்யவில்லை. தாங்கள் பேசியதில் ஒரு சொல்லும் எங்களுக்குக் கேட்கவில்லை. ஆனாலும் எல்லாரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். தங்களைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. எங்களைப் பார்த்துத்தான் சிரித்தேன். தாங்கள் அதை இன்னொருமுறை வாசித்தால், முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பேன்.’

முதல்வர் காத்திருக்கிறார். மின்விசிறி ஓடுகிறது. கொஞ்சம் உரக்க வாசியுங்கள்.